இடது காலுக்கு வந்த வேலை

கண்ணாடி ஏற்றும் லாரியை ஓட்டுகிறவருக்கு மெத்தை என்று பெயர் வந்தால் அதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஆள் குண்டும் இல்லை, தூங்குமூஞ்சியும் இல்லை. பெயர் வைத்தவன் கொக்கு. கண்ணாடிக் கிடங்கில் சுமை ஏற்றி இறக்குகிறவன். அவன் கால்களைப் பார்த்தவர்கள் அவனுக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்பதில்லை. ஒருநாள் மதியம் அவன் பெட்டியோடு பெட்டியாக லாரியின் பின்னால் ஏறி, கொஞ்சம் சாய்ந்தவன் அப்படியே கண் அசந்துவிட்டான். லாரி நாற்பது கிலோமீட்டர் ஓடி, போக வேண்டிய இடத்துக்குப் போய், பாதிச் சரக்கும் இறங்கிவிட்டது. அப்போது கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து, "என்ன டிரைவரே, இன்னும் கிளம்பலையா?" என்று கேட்டான். இறக்கிக்கொண்டிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "இது லாரி இல்லப்பா, மெத்தை!" என்றான் கொக்கு. அன்றைக்கு ஒட்டிய பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அதற்குப் பிறகு லைசென்சில் மட்டும்தான் இருந்தது.

பதினோரு வருஷம் ஓட்டினார், ஒரு கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. பாதிப் பெருமை வண்டிக்குத்தான் என்று அவர் சொல்வார். யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அது ஆட்டோமேட்டிக் வண்டி. மேடு வந்தாலும் பள்ளம் வந்தாலும் தனக்கு வேண்டிய கியரைத் தானே எடுத்துக்கொள்ளும். கிளட்ச் கிடையாது. மிதிப்பதற்கு இரண்டே பெடல், இரண்டும் வலது காலுக்கு. கண்ணாடிக்குக் குலுக்கல் ஆகாது என்றுதான் முதலாளி அந்த வண்டியைத் தேடிப் பிடித்து வாங்கினார். "உமக்கென்னய்யா, கால் மேல கால் போட்டுக்கிட்டே ஊர் போய்ச் சேரலாம்" என்று மற்ற லாரிக்காரர்கள் கேலி செய்வார்கள். உண்மைதான். அவருடைய இடது கால் பதினோரு வருஷமாக வேலை வெட்டி இல்லாமல் சும்மா உட்கார்ந்து வந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு இடுப்பில் ஒரு வலி பிடித்தது. சாதாரண வலி இல்லை. இடுப்பில் தொடங்கி, இடது தொடை வழியாக இறங்கி, சுண்டுவிரல் வரை சுண்டி இழுக்கும். மூன்று மாதம் மனுஷரைப் பாடாய்ப் படுத்தியது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். முதுகுத்தண்டில் ஒரு தட்டு விலகி நரம்பை நசுக்குகிறது, சீக்கிரம் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்றார். செய்தால் ஆறு மாதம் லாரி ஏறக் கூடாதாம். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தவர் யோசித்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் காலையில் எழுந்தால் வலியைக் காணோம்! அன்றைக்கு அவருக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். "பாத்தியா? கத்தியத் தீட்டி வெச்சுக்கிட்டு எவன் வருவான்னு காத்துக்கிட்டு இருக்காங்க. தானா போயிடுச்சு பார்" என்று மனைவியிடம் டாக்டரை ஒரு பிடி பிடித்தார்.

வலி தனியாகப் போகவில்லை என்பது பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. உச்சி வெயிலில் கடைக்குப் போய்விட்டு வந்தவரை வாசலிலேயே மறித்து மனைவி கேட்டாள்.

"ஏங்க, இன்னொரு செருப்பு எங்க?"

குனிந்து பார்த்தார். வலது காலில் செருப்பு இருந்தது. இடது கால் வெறுங்கால்.

"இங்கதான் வாசல்ல விட்டிருப்பேன்."

"வாசல்ல நான்தானே நிக்கறேன்?"

அவள் போய்த் தேடினாள். மூன்றாவது தெருவில், சைக்கிள் கடைக்கு முன்னால் கிடந்தது. அங்கிருந்து வீடு வரைக்கும் கொதிக்கிற தார் ரோட்டில் மனுஷர் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறார், போதாக்குறைக்கு ஏதோ பாட்டை வேறு முனகிக்கொண்டு. உள்ளங்கால் வெந்து கொப்புளம் போட்டிருந்தது. அவள் காலைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். அன்று சாயங்காலமே டாக்டரிடம் ஓடினார்கள்.

டாக்டர் இந்தத் தடவை ஆபரேஷன் பேச்சையே எடுக்கவில்லை. நரம்பு செத்துப்போச்சு, இனிமேல் எதைச் செய்தாலும் உணர்ச்சி வராது என்று சொல்லிவிட்டார். தொடை நன்றாக இருந்தது, முழங்கால் மடங்கியது, நடந்தார், படி ஏறினார். முழங்காலுக்குக் கீழே மட்டும் வேறு யாருடைய காலையோ கட்டிவிட்டது மாதிரி. அது எங்கே இருக்கிறது என்று பார்த்தால்தான் தெரியும்.

இதை அவரும் மனைவியும் யாரிடமும் மூச்சு விடவில்லை. காரணம் இருந்தது. முன்பு கிடங்கில் இன்னொரு டிரைவர் இருந்தார். ஒரு கண்ணில் புரை விழுந்தது என்று வாய்தவறி அவர் சொன்ன அன்றைக்கே முதலாளி தோளில் தட்டி, "நாளையிலேர்ந்து வீட்டுல ரெஸ்ட் எடுங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த ரெஸ்ட் இன்னும் முடியவில்லை. மெத்தைக்கு ஐம்பத்து மூன்று வயது. வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு ஒரு எழவும் தெரியாது. மகள் வெளியூரில் நர்சிங் படிக்கிறாள், முடிக்க இன்னும் ஒரு வருஷம். எல்லாவற்றுக்கும் மேலே, அந்த வண்டியில் இடது காலுக்கு என்ன வேலை? ஒன்றுமில்லை. இல்லாத வேலைக்கு இல்லாத கால், அவ்வளவுதானே. பொய்யும் இல்லை, யாரும் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. இப்படிச் சொல்லிச் சொல்லியே இரண்டு வருஷத்தை ஓட்டினார்.

அப்புறம் கியர்பாக்ஸ் காலை வாரியது.

ஒரு மேட்டில் ஏறும்போது என்ஜின் தொண்டை கிழியக் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. கருகல் வாடை. கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனது மச்சானுடைய ஷெட்டுக்கு. மச்சான் என்றால் மனைவியின் தம்பி, மெக்கானிக். நெடுஞ்சாலை ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஷெட். வேலையில் கெட்டிக்காரன், மனசில் தங்கம், வாயில் மட்டும் பூட்டு கிடையாது. அவன் காதில் போட்டால் மாலைக்குள் நெடுஞ்சாலை முழுக்கத் தெரிந்துவிடும், அதுவும் அக்கறையாகத்தான் சொல்லுவான். "எங்க மாமாவுக்குப் பாவம், கால்ல உணர்ச்சியே இல்லப்பா" என்று வருகிற போகிற லாரிக்காரனிடமெல்லாம் கண் கலங்குவான். அதனால் அக்காளே தம்பியிடம் சொல்லவில்லை.

மச்சான் கியர்பாக்ஸ் எண்ணெயை ஒரு டப்பாவில் வடித்து முதலாளியிடம் காட்டினான். சிவப்பாக இருக்க வேண்டியது தாரைப் போலக் கறுத்திருந்தது. உள்ளே தகடு எல்லாம் கருகிப்போச்சு, இதைப் பிரித்துச் சரி செய்ய இந்தப் பக்கத்தில் ஆள் இல்லை, புதிது வாங்குவதற்கு லாரியையே புதிதாக வாங்கிவிடலாம் என்றான்.

"வேற வழி?" என்றார் முதலாளி.

"இதே என்ஜின் வெச்ச பழைய வண்டி ஒண்ணு உடைக்கிற யார்டுல நிக்குது முதலாளி. அது கையால கியர் போடற வண்டி. அதோட கியர்பாக்ஸ், கிளட்ச், பெடல் எல்லாத்தையும் கழட்டிட்டு வந்து இதுல மாட்டிடலாம். காலத்துக்கும் தொல்லை இல்ல. எங்க நின்னாலும் எவனும் ரிப்பேர் பண்ணுவான்."

மெத்தை பக்கத்தில்தான் நின்றார்.

"வேண்டாம் முதலாளி. கண்ணாடி ஏத்தற வண்டி. கிளட்ச் போட்டா ஒவ்வொரு கியருக்கும் குலுங்கும்."

"யாரு கையில குலுங்கும்? உன் கையிலயா?" முதலாளி சிரித்தார். "மெத்தை, உன் பக்குவத்துக்கு மாட்டு வண்டியில கண்ணாடி ஏத்தினாக்கூட உடையாது. போய்யா!"

மச்சானுக்கு ஒரே பெருமை. "மாமா அந்தக் காலத்துலயே கிளட்ச் வண்டியில புலி, முதலாளி. எனக்கு முதல்ல ஸ்டியரிங் பிடிக்கக் குடுத்ததே அவருதான்."

பதினோரு வருஷம் சேர்த்து வைத்த நல்ல பெயர், வேளை பார்த்து அவர் கழுத்தைப் பிடித்தது. அதற்கு மேல் என்ன சொல்வார்? முதலாளி காரில் ஏறிப் போய்விட்டார். மச்சான் அப்போதே உடைக்கிற யார்டுக்குப் போன் போட்டுவிட்டான்.

நாலு நாள் வேலை. நாலு நாளும் மெத்தை ஷெட்டில் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் இருக்கச் சொன்னாலும் கேட்கவில்லை. மச்சான் லாரிக்கு அடியில் இருந்த பள்ளத்துக்குள் இறங்கி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். சங்கிலியில் கட்டி மெதுவாக இறக்கினார்கள். அது இறங்கும்போது இவர் எழுந்து நின்றுவிட்டார். ஏன் நின்றார் என்று அவருக்கே தெரியவில்லை. ஒரு போல்ட் துருப்பிடித்து மாட்டிக்கொண்டு அரைநாள் வர மாட்டேன் என்றது. அந்த அரைநாளும் அவருக்கு அப்படியொரு நிம்மதி. பிறகு அதுவும் கழன்றது.

இரண்டாம் நாள் என்ஜினின் பின்னால் சுழல்கிற ஃப்ளைவீல் என்ற இரும்புச் சக்கரம் வேறொன்று ஏறியது, அதன் மேல் கிளட்ச் தகடு. கிளட்ச் என்பது என்ஜினையும் சக்கரத்தையும் சேர்த்தும் பிரித்தும் வைக்கிற சமாசாரம். பெடலை மிதித்தால் பிரியும், விட்டால் சேரும். கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் வண்டி பூனை மாதிரி நகரும், படக்கென்று விட்டால் தவளை மாதிரி தாவும். எவ்வளவு விடுகிறோம் என்பதைப் பாதம்தான் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் நீளம் சரியில்லை என்று பின் சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்டை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் வெட்டி ஒட்டினார்கள். கேபின் தரையில் ஓட்டை போட்டுக் கியர் கம்பியை மேலே ஏற்றினார்கள். ஆட்டோமேட்டிக்கில் லீவரை ஓய்வில் வைக்காமல் சாவியைத் திருப்பினால் என்ஜின் அசையாது, அப்படி ஒரு பூட்டு அதற்கு. கியர்பாக்ஸோடு அதுவும் போய்விட்டது. இனி கியரில் நிற்கிற வண்டி, கிளட்ச்சை மிதிக்காமல் சாவியைத் திருப்பினாலும் கிளம்பிவிடும்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஒத்திகை நடந்தது. மனைவி வீட்டிலேயே துணி தைக்கிறவள். காலால் மிதிக்கிற தையல் மிஷின். இருக்கிற இரண்டு அறையில் முன்னறை முழுக்க அந்த மிஷினும் வெட்டுத்துணியும்தான். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து இடது காலை மிதிப்பலகையில் வைத்தார். குனிந்து காலைப் பார்த்துக்கொண்டே மிதித்தார். நன்றாகவே ஓடியது.

"பாத்தியா?" என்றார் முகம் மலர்ந்து. "கண்ணு இருக்கறப்ப கால் எதுக்கு?"

"ரோட்ட யாரு பாக்கறது?" என்றாள் அவள்.

அவர் காலைப் பலகையிலிருந்து எடுத்தார். அவள் நூலைக் கோத்துக்கொண்டே, "சொல்லிடுங்களேன்" என்றாள். "போனா போகுது. நான் தைக்கறேன், இன்னும் நாலு வீட்டுல துணி வாங்கறேன்."

"உன் கண்ணும் போகட்டுமா?"

கத்திவிட்டார். கத்திய பிறகு அவருக்கே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் மிஷின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுநாள் காலையில் யாரும் பார்க்காதபோது கேபினில் ஏறி உட்கார்ந்து பார்த்தார். அங்கே இன்னொரு இடி. ஸ்டியரிங்கும் அதன் கீழே உள்ள பெட்டியும் மறைத்ததில் கிளட்ச் பெடல் கண்ணுக்கே தெரியவில்லை. தலையை ஸ்டியரிங்குக்கு அடியில் விட்டால் தெரியும். அப்படி எந்த டிரைவர் வண்டி ஓட்டுவான்? ஆனால் ஒன்று கண்டுபிடித்தார். அப்போது பெடல் வெறும் எண்ணெய்க் குழாயோடுதான் மாட்டியிருந்தது, நல்ல கனம். காலை வைத்து அழுத்தினால் அந்தக் கனம் தொடை வரை வந்து முட்டியது. பாதம் சொல்லாததைத் தொடை சொன்னது. எவ்வளவு அழுத்துகிறோம், எங்கே நிற்கிறது, எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் புரிந்தது. இருபது முப்பது தடவை மிதித்துப் பார்த்தார். உயிர் திரும்பி வந்தது.

இறங்கி வந்து மச்சானிடம், "மாப்ளே, கிளட்ச் இப்படியே கட்டியா இருக்கட்டும். லேசாக்கிடாதே" என்றார்.

"ஏன் மாமா? நாள் பூரா மிதிக்கிறது, முட்டி போயிடுமே?"

"எனக்கு அப்படித்தான் பழக்கம். கட்டியாவே விடு."

மச்சான் சிரித்தான். மாமா எதையும் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கிற ஆள் இல்லை, வேலையும் செலவும் அதிகமாகக் கூடாது என்று மென்று விழுங்குகிறார் என்று அவன் எடுத்துக்கொண்டான். மாமாவை அவனுக்குத் தெரியாதா! அன்று மத்தியானமே யார்டுக்குப் போய், பெரிய லாரியிலிருந்து கழற்றிய பூஸ்டர் ஒன்றை வாங்கிவந்து கிளட்ச் குழாயோடு சேர்த்துவிட்டான். காற்றழுத்தத்தில் வேலை செய்கிற சாமான். மாட்டினால் பெடல் சுண்டுவிரலுக்கு இறங்கும். முதலாளி சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை, அவனே கைக்காசு போட்டு மாமாவுக்காகச் செய்தான். ஆச்சரியமாக இருக்கட்டும் என்று சொல்லாமலும் விட்டான். வாயில் பூட்டு இல்லாதவன், பாழாய்ப்போனவன், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஒரு ரகசியத்தைக் காப்பாற்றினான்.

ஐந்தாம் நாள் காலை மச்சானே வண்டியை ஓட்டிக்கொண்டுவந்து கிடங்கு முற்றத்தில் நிறுத்தினான். கியரில் போட்டு நிறுத்துவது அவன் வழக்கம், கிளட்ச் வண்டிக்காரர்கள் எல்லாருக்கும் உள்ள வழக்கம்தான். வண்டிக்கு முன்னால் இரண்டு ஆள் தூரத்தில் ஒரு சாய்வுச் சட்டம். அதில் ஆளுயரத்துக்கு மேலே பெரிய பெரிய கண்ணாடித் தகடுகள் எட்டு. கொக்கு அதன் பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டிகளைச் சுற்றுகிற சாக்கைக் கோணூசியால் தைத்துக்கொண்டிருந்தான். சாக்கு தைக்கிற நீளமான தடித்த ஊசி அது.

மெத்தை அன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினார். முதலாளியைத் தனியாகப் பார்த்து, ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும். வழியெல்லாம் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். வந்து பார்த்தால் முதலாளி முற்றத்தின் நடுவில் நிற்கிறார், கையில் சாவி. "வாய்யா மெத்தை! உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம். ஒரு ரவுண்டு போய்ட்டு வா, பாப்போம்" என்று சாவியை நீட்டினார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். சாவியை வாங்கிக்கொண்டார். கட்டியான பெடல் இருக்கிறது, தொடை சொல்லும், ஒரு ரவுண்டுதானே என்று ஏறி உட்கார்ந்தார்.

"மாமா, கிளட்ச்சை மிதிச்சுப் பாருங்க. வெண்ணெய்! உங்களுக்குன்னே போட்டது!" என்று மச்சான் கீழே நின்று கத்தினான்.

அது அவர் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. பதற்றத்தில் ஹேண்ட்பிரேக்கை முதலிலேயே இறக்கிவிட்டார். இடது காலைத் தூக்கிப் பெடல் இருக்கிற இடத்தில் வைத்து அழுத்தினார். தொடைக்குக் கனமே வரவில்லை. கால் லேசாகக் கீழே போய், நின்றது. வெண்ணெய் என்று மச்சான் கத்தியது அப்போதுதான் உறைத்தது; ஓ, அதுதான் இப்படி லேசாக அடி வரைக்கும் போய்விட்டது என்று நினைத்தார். சாவியைத் திருப்பினார்.

லாரி தாவியது.

கொக்கு எப்படி எழுந்தான், எப்படிப் பாய்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. அந்தக் கால்கள்தான் அவனைக் காப்பாற்றின. அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் பம்பர் போய் இடித்தது. எட்டுத் தகடும் ஒன்றன் மேல் ஒன்றாகச் சரிந்தன. அந்தச் சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. மெத்தையின் வலது கால் பிரேக்கில் ஏறி நின்றிருந்தது. அது ஒன்றுதான் அவர் பேச்சைக் கேட்டது.

கொக்கு நெற்றியில் ரத்தத்தோடு எழுந்து நின்றான். சிறிய கீறல்தான். ஆனால் அரை நொடி தவறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்தது. மெத்தைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குனிந்து, ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தார். அவருடைய இடது கால் பெடலுக்கு நாலு விரல் தள்ளி, வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"என்ன மாமா ஆச்சு? கிளட்ச்சை மிதிச்சீங்களா?" மச்சான் கதவைத் திறந்தான்.

"மிதிச்சேன்" என்றார். வாயில் வந்தது அதுதான். மிதித்தேன் என்றுதான் அந்த நொடி வரை நம்பியிருந்தார்.

மச்சான் ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்த்தான். கிளட்ச் ஒழுங்காகப் பிரிந்தது. மறுபடி மிதித்தான், பிரிந்தது. வேறு யாராவது என்றால் அங்கேயே புரிந்திருக்கும். அவனோ பெடலை நம்பவில்லை, மாமாவை நம்பினான். "மாமா மிதிச்சேன்னா மிதிச்சிருப்பாரு. என் வேலைலதான் கோளாறு" என்று இறங்கினான். முகம் வெளுத்திருந்தது. "குழாய்ல காத்து நின்னிருக்கும், முதலாளி. பூஸ்டர் போட்டப்ப சரியா எடுக்காம விட்டுட்டேன் போல. ஒரு சமயம் பிரியும், ஒரு சமயம் பிரியாது."

"போலவா?" முதலாளி குரலே மாறிவிட்டது. "ஒரு உசிரு போயிருக்கும்டா! பதினோரு வருஷம் இவன் கையில ஒரு கண்ணாடி கீறல் விழல. உன் கை பட்ட மறுநாள் பாரு. இன்னைக்கே லாரி ஓனருங்க எல்லாருக்கும் சொல்லிடறேன். இனிமே உன் ஷெட்டுக்கு ஒரு சைக்கிள் வராது, நான் பாத்துக்கறேன்."

சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. லாரி உரிமையாளர் சங்கத்துக்கே அவர்தான் தலைவர். அப்போதே செல்போனை எடுத்துவிட்டார். மச்சான் கையைக் கட்டிக்கொண்டு, உடைந்த கண்ணாடிக்கு நடுவே, அடி வாங்கின பிள்ளை மாதிரி நின்றான்.

மெத்தை இறங்கினார். கண்ணாடித் துண்டுகள் செருப்புக்கு அடியில் நொறுங்கின.

"அவன் மேல தப்பு இல்ல முதலாளி. நான் மிதிக்கல."

"மிதிச்சேன்னு இப்பத்தானே சொன்னே?"

"மிதிச்சேன்னு நினைச்சேன். எனக்கு இந்தக் கால்ல உணர்ச்சி கிடையாது. ரெண்டு வருஷமா இல்ல. தரைய மிதிச்சிருக்கேன்."

முதலாளி சிரித்தார், நம்பாத சிரிப்பு. "மச்சானைக் காப்பாத்தறதுக்குக் காலையே ஊனம்னு சொல்றான் பாரு! ரெண்டு வருஷமா என் வண்டிய யாரு ஓட்டினது, பேயா? போய்யா அந்தப் பக்கம்."

"மாமா, எனக்காகப் பொய் சொல்லாதீங்க" என்றான் மச்சான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

அவர் எல்லாருடைய முகத்தையும் பார்த்தார். ஒருவர்கூட நம்பவில்லை. இரண்டு வருஷம் மூடி வைத்ததை அவிழ்த்துக் கொட்டினால், சீந்த ஆள் இல்லை! லாரியின் படியில் போய் உட்கார்ந்தார். இடது செருப்பைக் கையால் கழற்றினார். கொக்கு கையில் இன்னும் அந்தக் கோணூசி இருந்தது. ஓடும்போதுகூட அதை விடாமல் பிடித்திருக்கிறான் மடையன். அதைக் கேட்டு வாங்கி மச்சானிடம் நீட்டினார்.

"உள்ளங்கால்ல குத்து."

"என்ன மாமா இது? விடுங்க மாமா."

"குத்துடா. நான் பாக்காம இருக்கேன். பாத்தா ஏமாத்தறேன்னு சொல்லுவாங்க."

முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். மச்சான் முட்டி போட்டு உட்கார்ந்து அந்தக் காலை எடுத்து மடியில் வைத்தான். முதலாளி காதில் வைத்த போனோடு குனிந்து பார்த்தார். முதலில் ஊசி லேசாகத் தொட்டது. கால் அசையவில்லை. மச்சான் இன்னும் கொஞ்சம் அழுத்தினான். இன்னும் கொஞ்சம். "ஐயோ, போதும்டா" என்று கொக்கு வாயைப் பொத்திக்கொண்டான். ரத்தம் குதிகால் வழியாக வழிந்து மச்சானின் பேன்ட்டில் சொட்டியது. போனில் யாரோ "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முதலாளி அதை அணைத்துவிட்டார். மச்சான் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதான்.

மெத்தை கண்ணைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ளே?" என்றார். "பயப்படாம குத்துடா. எவ்வளவு நேரம் நான் இப்படியே உக்காந்திருக்கறது?"